‘இசட்’ படத்தில் எந்த இடத்தில் கைதட்டுவது?

கோஸ்டா-கவ்ராஸ் இயக்கி 1969இல் வெளிவந்த ‘இசட்’ படத்தை நண்பர்களோடு பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சீருடை அதிகாரிகள் வரிசையாகக் குற்றம் சாட்டப்படும் இடத்தில் ஒருவர் கைதட்டியிருக்கிறார். அடுத்த சில நிமிடங்களில் எல்லாம் தலைகீழாகப் போனதும் இன்னொருவர் ‘இதற்காகவா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்’ என்று சலித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் ‘அரசியல் சாயம் பூசிய மசாலா’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். இவர்களில் யார் சொல்வது சரி, படம் வந்த காலத்துப் பார்வையாளர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், கிரேக்க வரலாறு தெரியாமல் பார்த்தால் புரியுமா என்பவை உங்கள் கேள்விகள். கைதட்டியவரும் சலித்துக்கொண்டவரும் படம் அழைத்துப் போன வழியிலேயே போயிருக்கிறார்கள் என்பது என் கருத்து. இந்தப் படம் பார்வையாளரை முதலில் கைதட்ட வைத்து, பிறகு அந்தக் கைதட்டலுக்குக் கணக்குக் கேட்கிறது. மூன்றாமவரின் குற்றச்சாட்டு புதிதல்ல. பாரிஸ் விமர்சகர்கள் 1969லேயே அதைச் சொல்லிவிட்டார்கள், அதில் பாதி நியாயமும் இருக்கிறது.

கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று படம் கடைசிவரை பெயர் சொல்வதில்லை. ஆனால் அது நடந்த கதை. 1963 மே 22 இரவு, வட கிரேக்கத்தின் பெரிய நகரமான தெசலோனிகியில் கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சமாதான இயக்கத்தின் கூட்டமொன்றில் பேசிவிட்டு வெளியே வந்தார். அவர் ஒரு மருத்துவர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட தடகள வீரரும்கூட. நீளம் தாண்டுதலில் அவர் வைத்த கிரேக்கத் தேசியச் சாதனையை 23 ஆண்டுகள் யாரும் முறியடிக்கவில்லை. கொலைக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 21 அன்று, மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு நடக்கவிருந்த சமாதானப் பேரணியை அரசு தடை செய்து ஆட்களைக் கைதுசெய்தபோது, நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பை நம்பி, பதாகையைத் தூக்கிக்கொண்டு தனியாளாக நடந்தவர் அவர்.

அந்த மே மாத இரவில் கூட்டம் நடந்த இடத்தைச் சுற்றி வலதுசாரி அடியாட்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள்; காவல் படையினர் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள். தெருவைக் கடந்த லாம்ப்ராகிஸை நோக்கி மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று பாய்ந்து வந்தது. அதன் பின்பகுதியில் நின்றிருந்தவன் தடியால் அவர் தலையில் அடித்தான். வண்டி தப்பி ஓடியிருக்கும். ‘புலி’ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு தொழிலாளி ஓடும் வண்டியில் தாவி ஏறி உள்ளே இருந்தவர்களோடு கட்டிப் புரண்டதால்தான் ஓட்டியவன் அகப்பட்டான். ஐந்து நாள் கழித்து, மே 27 அன்று லாம்ப்ராகிஸ் இறந்தார். ஏதென்ஸில் லட்சக்கணக்கானோர் இறுதி ஊர்வலத்தில் திரண்டார்கள். ‘உயிரோடிருக்கிறார்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்தான ‘Z’ சுவர்களில் ஏறியது. படத்தின் தலைப்பு அந்த எழுத்துதான்.

அரசுத் தரப்பு முதலில் இதைக் குடிபோதையில் நடந்த சாலை விபத்தாக முடித்துவிடப் பார்த்தது. விசாரணை நீதிபதியாக அமர்ந்த கிறிஸ்தோஸ் சர்த்செதாகிஸுக்கு அப்போது 34 வயது. இடதுசாரிகளோடு எந்த ஒட்டும் இல்லாதவர். மேலிடத்து நெருக்கடியைப் பொருட்படுத்தாமல், மூன்று பத்திரிகையாளர்கள் தோண்டியெடுத்த தகவல்களும் கைகொடுக்க, அவர் காவல் படையின் உயர் அதிகாரிகள்வரை வழக்கைக் கொண்டுபோனார். 1966 இறுதியில் தீர்ப்பு வந்தபோது வண்டியோட்டிக்கும் தடியால் அடித்தவனுக்கும் கொலைக் குற்றத்துக்கு உரிய தண்டனை கிடைக்கவில்லை; முறையே 11 ஆண்டும் எட்டரை ஆண்டுமே கிடைத்தன. அதிகாரிகள் விடுவிக்கப்பட்டார்கள். சில மாதங்களில், 1967 ஏப்ரல் 21 அன்று, ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். லாம்ப்ராகிஸ் தனியாக நடந்த அதே தேதி. நீதிபதி பதவி நீக்கப்பட்டு, பிறகு சிறையிலும் அடைக்கப்பட்டார்.

வஸிலிஸ் வஸிலிகோஸ் இந்த வழக்கை வைத்து 1966இல் எழுதிய நாவலிலிருந்து படம் பிறந்தது. இதைச் செய்தவர்களில் பலர் சொந்த நாட்டில் இருக்க முடியாதவர்கள். கோஸ்டா-கவ்ராஸ் கிரேக்கர், தந்தை நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இடதுசாரி இயக்கத்தில் இருந்தவர் என்பதால் மகனுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு அடைபட, பாரிஸுக்குப் படிக்க வந்தார். உடன் திரைக்கதை எழுதிய ஹோர்ஹே செம்ப்ரூன், நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமிலிருந்து மீண்ட ஸ்பானியர். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினுக்குத் திரும்ப முடியாதவர். இறந்தவரின் மனைவியாக நடித்த ஐரீன் பாப்பாஸும் கர்னல்களை எதிர்த்து வெளியேறியிருந்தார். இசைக்குச் சொந்தக்காரரான மிக்கிஸ் தியோடராகிஸ் கிரேக்க மலைக் கிராமமொன்றில் காவலில் இருந்தார். புதிதாக இசையமைக்க அவருக்கு வழியில்லை. தன் பழைய பாடல்களை எடுத்துக்கொள்ளும்படி இரகசியமாகச் சொல்லியனுப்பினார். படம் முழுவதும் ஒலிக்கும் அந்தத் துள்ளலான இசை, காவலில் இருக்கும் ஒருவரின் இசை என்று தெரிந்து 1969இல் கேட்டவர்களுக்கு அது வெறும் பின்னணி இசையாக இருந்திருக்காது.

பிரான்ஸில் இதற்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. படத்தில் புகைப்படப் பத்திரிகையாளராக வரும் ழாக் பெரான் தானே தயாரிப்பாளரானார். அல்ஜீரிய அரசு படப்பிடிப்புக்கு இடமும் உதவியும் தந்தது. அல்ஜியர்ஸ் நகரத் தெருக்கள் தெசலோனிகியாக நின்றன. அல்ஜீரியாவின் அதிபர் பூமெதியன் 1965இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ராணுவ ஆட்சியைச் சாடும் படம் ஒரு ராணுவத் தலைவரின் நாட்டில் உருவாகி, அந்த நாட்டின் சார்பிலேயே ஆஸ்கருக்குப் போய்ச் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான பரிசையும் வாங்கியது.

மூன்றாவது நண்பரின் ‘மசாலா’ என்ற சொல்லுக்கு வருவோம். படம் எதை விறுவிறுப்பாக்குகிறது, எதை ஆக்கவில்லை என்று கவனித்தால் அந்தச் சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தெரியும். முதல் காட்சி ஒரு சலிப்பூட்டும் அரசுக் கூட்டம். விவசாயத் துறைக்காரர் ஒருவர் திராட்சைக் கொடியில் வரும் பூஞ்சை நோயைப் பற்றி, எப்போது எந்த மருந்து தெளிப்பது என்று விளக்குகிறார். அதிகாரிகள் கொட்டாவி விடுகிறார்கள். அடுத்து எழும் காவல் படை ஜெனரல் அதே பேச்சை அப்படியே தொடர்கிறார். சமூகத்துக்கும் இப்படி ஒரு பூஞ்சை உண்டு, அது கருத்துப் பூஞ்சை, பள்ளியிலிருந்தே மருந்து தெளித்துத் தடுக்க வேண்டும் என்கிறார். குரலில் வன்மம் இல்லை. வேளாண் அலுவலருக்குரிய அக்கறைதான் தெரிகிறது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடுதான் கொலைக்குள் நுழைகிறோம். நகரத்துக்குள் ரஷ்யாவின் போல்ஷாய் பாலே குழு ஆடிக்கொண்டிருக்க, கம்யூனிச ஒழிப்பைப் பற்றி முழங்கிய அதே ஜெனரல் அன்றிரவு அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார். இது கற்பனையன்று, லாம்ப்ராகிஸ் தாக்கப்பட்ட இரவில் போல்ஷாய் குழு தெசலோனிகியில்தான் இருந்தது.

கொலையைப் படம் ஒருமுறை காட்டிவிட்டு நகர்வதில்லை. ஈவ் மோந்தான் நடித்த அந்த உறுப்பினர் சதுக்கத்தைக் கடப்பது, வண்டி வருவது, அடி விழுவது எல்லாம் வேறு வேறு சாட்சிகளின் வாக்குமூலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரெஞ்சு இயக்குநர் கோடாரின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த ரவுல் கூத்தார் கேமராவைக் கையில் பிடித்துக் கூட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார். பிரான்சுவாஸ் போனோவின் படத்தொகுப்பு (அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது) நினைவுகளை விளக்கமின்றி இடையிடையே வெட்டி வைக்கிறது. விளைவாக, நடந்ததை நம் கண்ணால் பார்த்த பிறகும் அதிகாரிகள் ‘விபத்து’ என்று சொல்லக் கேட்கும் நிலைக்கு நாம் வந்துவிடுகிறோம். இந்தப் படத்தின் விறுவிறுப்பு ‘யார் கொன்றது’ என்ற கேள்வியில் இல்லை. அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு அலுவலகக் கோப்புக்குள் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்பதில்தான் அந்த இறுக்கம் இருக்கிறது.

இரண்டு இடங்களை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன். வண்டியில் தாவி ஏறிய தொழிலாளியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சாட்சி ‘புலியைப் போல் லாகவமாகப் பாய்ந்தான்’ என்கிறான். சற்றுக் கழித்து, அந்த இடத்தில் இல்லவே இல்லாத ஒருவர் அதே சொற்களைச் சொல்கிறார். பிறகு இன்னொருவர். விசாரணை நீதிபதியாக வரும் ழான்-லூயி த்ரந்தின்யான் குரலை உயர்த்துவதில்லை. வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கூட நமக்குச் சரியாகத் தெரியாது. ஒரே உவமை இத்தனை வாயிலிருந்து வந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் பாடம் படித்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுக்கு வருவதை நாமும் அவரோடு சேர்ந்தே அறிகிறோம். நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வகை ஒத்திகைச் சாட்சியம் அந்நியமாக இருக்காது.

இன்னொன்று, சவப்பெட்டிப் பட்டறைக்காரன் நிக்கின் கதை. கொலையாளி முன்கூட்டியே உளறியதைக் கேட்டவன் அவன். சாட்சி சொல்லப் போகும் வழியில் மண்டையில் அடி விழுகிறது. மருத்துவமனைப் படுக்கையில், தலையில் கட்டுடன் கிடப்பவனைச் சுற்றி ஜெனரலும் அரசு வழக்கறிஞரும் நின்றுகொண்டு, ‘உன்னை யாரும் அடிக்கவில்லை, நீ வழுக்கி விழுந்தாய்’ என்று பொறுமையாகப் புரியவைக்கிறார்கள். இது போதாதென்று வீட்டாரும் வந்து, உனக்கெதற்கு வம்பு என்று திட்டுகிறார்கள். நிக் அரசியல்வாதி இல்லை. ஏன் பிடிவாதமாக நிற்கிறான் என்பதற்குப் படம் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்குப் படத்தில் நாயகன் யார் என்று கேட்டால் மோந்தானையும் த்ரந்தின்யானையும் விட்டுவிட்டு இவனைத்தான் சொல்வேன்.

இப்போது கைதட்டல் விழும் காட்சி. உயர் அதிகாரிகள் ஒவ்வொருவராக நீதிபதியின் அறைக்கு வருகிறார்கள். மார்பு நிறையப் பதக்கங்கள். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: பெயர், குடும்பப் பெயர், தொழில். தட்டச்சு எந்திரம் படபடக்கிறது. திட்டமிட்ட கொலையில் பங்கு என்று குற்றம் பதிவாகிறது. ஒவ்வொருவரும் கௌரவம், தேசம், தற்கொலை என்று ஏதோ கத்திவிட்டு வெளியேறப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் போய் இழுப்பது பூட்டியிருக்கும் அதே தவறான கதவை. மறுபக்கக் கதவைத் திறந்தால் புகைப்படக்காரர்கள் கூட்டம். ட்ரைஃபஸைப் போல உங்களையும் அநியாயமாகக் குற்றம் சாட்டுகிறார்களா என்று ஒரு நிருபர் ஜெனரலிடம் கேட்க, ‘ட்ரைஃபஸ் குற்றவாளிதான்!’ என்று அவர் கத்துகிறார். பிரெஞ்சு ராணுவம் 1894இல் பொய் வழக்கில் தண்டித்து, பின்னர் குற்றமற்றவர் என்று தீர்ப்பான யூத அதிகாரி ட்ரைஃபஸ். பிரெஞ்சுப் பார்வையாளர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே அந்த மனிதரின் முழு ஜாதகமும் கிடைத்துவிட்டது.

இது தமிழ்ப் படங்களில் வில்லனுக்குக் கைவிலங்கு விழும் கட்டத்துக்குச் சமமான இன்பம்தான், மறுக்கவில்லை. நகைச்சுவையும் தாளமும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. ஆனால் அடுத்த காட்சியைப் பாருங்கள். இறந்தவரின் தோழர் ஒருவர் ஓடோடிப் போய், அதிகாரிகள் மாட்டிக்கொண்டார்கள், அரசே கவிழப் போகிறது என்று மனைவியிடம் மூச்சிரைக்கச் சொல்கிறார். ஐரீன் பாப்பாஸின் முகத்தில் ஒரு துளி மகிழ்ச்சி இல்லை. பதில் சொல்லாமல் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். திரையரங்கில் அப்போதுதான் கைதட்டி முடித்தவர்கள் தங்கள் உற்சாகத்தை அந்தத் தோழரின் முகத்தில் பார்க்கிறார்கள். அது அங்கே எடுபடாததையும் பார்க்கிறார்கள். இந்த வெட்டு எனக்கு முழுப் படத்திலும் மிகத் துணிச்சலானதாகத் தோன்றுகிறது. அதன் பிறகு வருவது செய்தி அறிக்கையின் வேகத்தில் வரும் பட்டியல்: சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக விபத்துகளில் இறக்கிறார்கள், அதிகாரிகள் தப்புகிறார்கள், நீதிபதி விலக்கப்படுகிறார். இதையெல்லாம் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்த புகைப்படப் பத்திரிகையாளரும் பாதியில் மறைய, அவருக்கே தண்டனை விழுந்த செய்தியை வேறொரு குரல் வாசிக்கிறது. கடைசியில் ராணுவ ஆட்சி தடை செய்தவற்றின் பட்டியல்: நீண்ட முடி, குட்டைப் பாவாடை, சோஃபக்ளீஸ், டால்ஸ்டாய், மார்க் ட்வைன், பீட்டில்ஸ், சமூகவியல், நவீன கணிதம், பத்திரிகைச் சுதந்திரம், இறுதியாகப் படத்தின் தலைப்பான அந்த எழுத்து.

உங்கள் இரண்டாவது நண்பர் சலித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். 1969இன் பார்வையாளருக்கு இருந்து இன்று நமக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அவர்களுக்கு இது முடிந்த கதையன்று. படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கர்னல்கள் ஏதென்ஸில் ஆட்சியில் இருந்தார்கள். பட்டியலில் உள்ள தடைகள் நடப்பில் இருந்தன. அவர்களுக்கு அந்த முடிவு அன்றைய செய்தித்தாள். பிரான்ஸில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அதில் 1968 மே மாத மாணவர், தொழிலாளர் போராட்டம் அடங்கி ஓராண்டுகூட ஆகாத காலத்தின் பங்கும் உண்டு. காவல் துறைத் தடியடியைச் சொந்த முதுகில் அறிந்த இளைஞர் பலர் அந்த இருக்கைகளில் இருந்தார்கள். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசும், த்ரந்தின்யானுக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தன.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1969 இறுதியில் அங்கே வெளியானபோது கிரேக்க அரசியலைப் பற்றி அதிகம் தெரியாத மக்கள்தான் வரிசையில் நின்றார்கள். கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் கொலைகளும், அதிகாரபூர்வ விளக்கங்களை நம்பாத மனநிலையும் அவர்களைத் தயார்ப்படுத்தியிருந்தன. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருப்புச் சிறுத்தைகள் அமைப்பின் ஃபிரெட் ஹாம்ப்டன் சிகாகோவில் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த டிசம்பரில்தான். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதை அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தார்; கிரேக்கத்தைப் பற்றிய படமாக மட்டும் பார்க்க முடியாது என்பது அவர் வாதம். நியூயார்க் விமர்சகர்கள் வட்டமும் அதையே ஆண்டின் சிறந்த படமாக அறிவித்தது. சிறந்த படம், சிறந்த அயல்மொழிப் படம் ஆகிய இரு பிரிவுகளிலும் ஒருசேர ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் படம் இதுவே. இன்னொரு அமெரிக்க விமர்சகரான பாலின் கேல் இன்னொன்றைக் கவனித்தார்: தாங்க முடியாத அளவுக்குப் பரபரப்பாக இருப்பதை ஒப்புக்கொண்டு, இந்தப் பரபரப்பு பிரெஞ்சு மரபிலிருந்து வரவில்லை, பழைய அமெரிக்கக் குற்றப் படங்களிலிருந்தும் பாசிச எதிர்ப்பு மெலோடிராமாக்களிலிருந்தும் வருகிறது என்று எழுதினார். கடன் விரைவிலேயே திரும்பவும் போனது. ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ எடுத்த வில்லியம் ஃபிரீட்கின், ‘இசட்’ பார்த்த பிறகுதான் எப்படி எடுப்பது என்று தனக்குப் பிடிபட்டதாகச் சொல்லியிருக்கிறார். தடியால் அடிப்பவனாக வந்த மார்செல் போஸூஃபியையே அதில் கொலையாளியாகவும் போட்டார்.

பாரிஸின் ‘கஹியே து சினெமா’ என்ற திரைப்பட விமர்சன இதழ் மட்டும் மசியவில்லை. 1969 இலையுதிர் காலத்தில் கொமோலியும் நார்போனியும் எழுதிய புகழ்பெற்ற தலையங்கம், வெளிப்படையான அரசியல் பேசிக்கொண்டே ஆளும் சினிமாவின் மொழியைக் கேள்வியின்றி ஏற்கும் படங்களைப் பற்றிப் பேசும்போது ‘இசட்’டின் பெயரைக் குறிப்பிடுகிறது, அரசியலை அது முன்வைக்கும் விதமே தொடக்கம் முதல் இறுதிவரை கருத்தியலில் ஊறியது என்பது அவர்கள் தீர்ப்பு. சொல்ல வந்தது புரட்சியாக இருக்கலாம், சொல்லும் விதம் பழையதென்றால் பார்வையாளன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்ற அந்த வாதத்துக்கு நான் பாதி இணங்குகிறேன். நல்லவர் கெட்டவர் கோடு இங்கே மிகத் தடிமனாகப் போடப்பட்டிருக்கிறது. அரண்மனை, வெளிநாட்டுத் தளங்கள், பொருளாதாரம் என்று அந்தக் கொலைக்குப் பின்னிருந்த ஏற்பாடு முழுவதும் சில கோமாளி அதிகாரிகளின் முகத்தில் சுருங்கிவிடுகிறது. அவர்கள் கேலிக்குரியவர்களாக இருப்பதால் ஆபத்தானவர்கள் என்பது மறந்துபோகிற கணங்கள் உண்டு.

அதைவிட என்னை நெருடுவது வேறு. தடியால் அடிப்பவனைத் தன்பால் ஈர்ப்புள்ளவனாகவும், சிறுவர்களைத் தேடுபவனாகவும் காட்டி, அந்த இழிவைக் கொண்டே அவன் கொடுமையை நிறுவுகிறது படம். 1969இல் பெரும்பாலோர் சிரித்துக் கடந்த இடம். இன்றைய பார்வையாளர்கள் பலர் நெளிகிறார்கள், நெளிவதில் நியாயமிருக்கிறது. எதிரியை மனிதருக்குக் கீழானவனாகக் காட்டும் பழக்கம், முதல் காட்சியில் ஜெனரல் பேசிய பூஞ்சைப் பேச்சுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஐரீன் பாப்பாஸுக்கு மொத்தத்தில் துக்கப்படுவதைத் தவிர வேலையில்லை என்பதும் குறைதான். ஆனால் அந்தக் கடைசிப் பார்வைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஆகவே ‘மசாலா’ என்று சொன்னவரிடம் நான் கேட்பது, அவர் தீர்ப்பு எந்த நிமிடத்தோடு நிற்கிறது என்பதுதான். பூட்டிய கதவுக் காட்சியோடு படம் முடிந்திருந்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி. பாரிஸ் விமர்சகர்களின் வாதமும் அந்த வெற்றிக் காட்சியின் மேல் கட்டியது போலவே எனக்குத் தோன்றுகிறது. பழைய சினிமா மொழி தரும் இன்பத்தை உச்சிவரை கொண்டுபோய், அந்த இன்பம் உலகத்தில் எதையும் மாற்றவில்லை என்று அதே மூச்சில் காட்டுவதற்கு முதலில் அந்த இன்பம் உண்மையாக இருக்க வேண்டும். வறட்டுத்தனமாக எடுத்திருந்தால் பறிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. கோஸ்டா-கவ்ராஸ் ஒருபக்கச் சார்பாளர் என்ற குற்றச்சாட்டுக்கு மறு ஆண்டே வேறு விதமாக விடை வந்தது. அதே மோந்தானை வைத்து, அதே செம்ப்ரூன் எழுத, செக்கோஸ்லோவாக்கிய கம்யூனிச அரசு 1952இல் நடத்திய பொய் வழக்கைப் படமாக்கினார். ‘இசட்’டுக்குக் கைதட்டிய இடதுசாரிகளில் பலருக்கு அது கசந்தது.

கிரேக்கத்தில் ‘இசட்’ 1974இல் ராணுவ ஆட்சி வீழ்ந்த பிறகுதான் திரைக்கு வர முடிந்தது. படத்தில் பெயரில்லாமல் வந்தவர்கள் அந்த மக்களுக்குப் பெயரோடு தெரிந்தவர்கள். அதன்பின் நடந்ததை எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதத் துணிய மாட்டார். லாம்ப்ராகிஸ் கொல்லப்பட்டபோது பிரதமராக இருந்த கரமன்லிஸ், ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் பிரதமராகி, 1980இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1985இல் அவருக்கு இரண்டாம் முறை ஆதரவு மறுத்த ஆளுங்கட்சி, நாடாளுமன்றத்தில் கடும் சர்ச்சைக்கிடையில் அந்த நாற்காலிக்குத் தேர்ந்தெடுத்தவர் சர்த்செதாகிஸ், அந்த விசாரணை நீதிபதியேதான்.

வரலாறு தெரியாமல் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம்; முதல் முறை அப்படிப் பார்ப்பதே நல்லது. அமெரிக்காவில் அதைக் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்த்தார்கள். தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்க்கும்போது, தொடக்கத்தில் வரும் அறிவிப்பு காதில் வேறு மாதிரி விழும்: உண்மை நிகழ்ச்சிகளோடும் ஆட்களோடும் உள்ள ஒற்றுமை தற்செயலன்று, வேண்டுமென்றே செய்தது என்று இயக்குநரும் திரைக்கதையாசிரியரும் கையெழுத்திட்டிருப்பார்கள். வழக்கமாக வழக்குக்கு அஞ்சிப் போடும் வாசகத்தைத் திருப்பிப்போட்டது அது. நம் நாட்டுச் சூழலில் வைத்துப் பார்க்க விரும்பினால் அதே நாவலை வைத்து திபாகர் பானர்ஜி 2012இல் இந்தியில் எடுத்த ‘ஷாங்காய்’ இருக்கிறது. விசாரணை நடத்தும் பாத்திரம் அங்கே கிருஷ்ணன் என்ற தமிழ் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக மாறியிருக்கிறது, அபய் தியோல் நடித்திருக்கிறார். பிரெஞ்சுப் படத்தின் வேகம் அதில் இல்லை. கோப்புகளுக்கும் குளிரூட்டிய அறைகளுக்கும் நடுவில் ஒரு கொலை எப்படி ‘விபத்து’ ஆகிறது என்பதை அது நமக்குப் பழகிய முகங்களில் காட்டுகிறது. வெற்றியைக் கொண்டாட அதுவும் விடுவதில்லை. முதலில் ‘இசட்’டைப் பாருங்கள், பிரெஞ்சு ஒலியிலேயே, வசன வரிகளோடு. முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாமல் தடைப் பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் படியுங்கள்.